இங்க்ஸ்கேப் படத்தில் அவுட்லைன் நிறத்தை ஏஐ மூலம் மாற்றுவது: லேசர் கட்டிங் ஃபைலை வைத்து ஒரு செய்முறை

இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் லேசர் கட்டிங்குக்கு ஃபைல் தயாரிப்பவர்களுக்கு அவுட்லைன் நிறம் அழகு சார்ந்த விஷயம் அல்ல, மெஷினுக்கான கட்டளை. பல இடங்களில் வெட்ட வேண்டிய கோடு சுத்தச் சிவப்பு, அதாவது ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) 255, 0, 0. மேலோட்டமாகக் கீற வேண்டியது நீலம், 0, 0, 255. பொறிக்க வேண்டியது கறுப்பு. கடைக்குக் கடை இது மாறும், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 237, 28, 36 என்ற நிறமும் கண்ணுக்குச் சிவப்புதான். ஆனால் சரியான எண்ணை எதிர்பார்க்கும் மென்பொருள் அந்தக் கோட்டை வெட்டாமல் விட்டுவிடும்.

நூற்றுக்கணக்கான கோடுகள் உள்ள படத்தில் இதைக் கையால் சரிசெய்வது பெரிய வேலை. ஏஐ உதவியாளர் அதை நிமிடங்களில் முடித்துத் தரும், சரியாகக் கேட்டால். எப்படிக் கேட்பது என்பதுதான் இந்தப் பதிவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாக் கறுப்புக் கோடுகளையும் சிவப்பாக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் ஏஐ தேவையே இல்லை. ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து, எடிட் மெனுவில் செலக்ட் சேம், அதற்குள் ஸ்ட்ரோக் கலர் (ஸ்ட்ரோக் என்பது அவுட்லைனுக்கு இங்க்ஸ்கேப்பில் உள்ள பெயர்). பிறகு கன்ட்ரோல் ஷிஃப்ட் எஃப் அழுத்தி நிறத்தைக் கொடுங்கள். பல இடங்களிலிருந்து வந்த படங்களை ஒன்றாகச் சேர்த்த ஃபைலில்தான் இந்த வழி சிக்கலாகும். ஒன்றில் கறுப்பு 0, 0, 0 என்றும், இல்லஸ்ட்ரேட்டர் என்ற இன்னொரு வரைகலை மென்பொருளிலிருந்து வந்த ஒன்றில் 35, 31, 32 என்றும் இருக்கும். செலக்ட் சேம் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்காது. ஏஐயைக் கூப்பிட வேண்டியது அங்கேதான்.

படி 1: லேயர்களுக்குப் பெயர் வையுங்கள்

எந்தக் கோட்டை வெட்ட வேண்டும், எதைக் கீற வேண்டும் என்று ஏஐயை ஊகிக்க விடாதீர்கள். "வெளிக்கோட்டை மட்டும் சிவப்பாக்கு" என்றால் எது வெளிக்கோடு என்பதை அது எண்களை வைத்துத்தான் யோசிக்க வேண்டும். சில நேரம் சரியாக வரும், சில நேரம் வராது. இங்க்ஸ்கேப்பில் இரண்டு லேயர்கள் (படத்தின் தனித்தனி அடுக்குகள்) உருவாக்கி, ஒன்றுக்கு "வெட்டு", மற்றொன்றுக்கு "கீறல்" என்று பெயர் கொடுத்து, கோடுகளை அதனதன் லேயருக்கு நகர்த்திவிடுங்கள். பெயர் தமிழிலேயே இருக்கலாம், இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி ஃபைல் அதை அப்படியே வைத்துக்கொள்ளும். எது எந்த வேலைக்கு என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை நீங்கள் முடிவுசெய்து கொடுத்துவிட்டால், ஏஐக்கு நிறம் மாற்றும் வேலை மட்டும்தான் மிஞ்சும்.

படி 2: முதலில் கணக்கெடுக்கச் சொல்லுங்கள்

எஸ்விஜி என்பது வெறும் எழுத்து ஃபைல், நோட்பேடில்கூடத் திறக்கும். அதனால்தான் ஏஐக்கு இது எளிது. ஆனால் "இந்த ஃபைலில் நிறத்தை மாற்றிக் கொடு" என்று சாட்டில் ஒட்டாதீர்கள். நீளமான ஃபைலை அது திரும்ப எழுதும்போது பாதியில் நின்றுவிடலாம். அதைவிட மோசமானது, ஒரு வளைவின் எண் நடுவில் மாறிப்போய், மரப்பலகை வெட்டி முடிந்த பிறகுதான் அது தெரியவருவது.

அதனால் நான் எப்போதும் ஃபைலைக் கேட்பதில்லை, சின்ன பைதான் ஸ்கிரிப்டைத்தான் கேட்பேன். ஸ்கிரிப்ட் நிறத்தை மட்டும் தொடும், வடிவங்களைத் தொடாது. வாடிக்கையாளரின் லோகோவை வெளியே அனுப்பாமல் உங்கள் கணினியிலேயே ஓட்டவும் செய்யலாம். பைதான் ஏற்கெனவே நிறுவியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்:

"ஒரு இங்க்ஸ்கேப் எஸ்விஜி ஃபைலைப் படிக்கும் பைதான் ஸ்கிரிப்ட் வேண்டும். எதையும் மாற்றாதே. ஒவ்வொரு லேயரிலும் என்னென்ன ஸ்ட்ரோக் நிறங்கள் உள்ளன, ஒவ்வொன்றிலும் எத்தனை பொருள்கள், அந்த நிறம் எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று பட்டியல் மட்டும் கொடு. எல்எக்ஸ்எம்எல் நூலகத்தைப் பயன்படுத்து."

எல்எக்ஸ்எம்எல் என்பது எஸ்விஜி போன்ற ஃபைல்களைப் படிக்கும் பைதான் கருவித்தொகுப்பு. "எந்த இடத்தில்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 3: நிறம் எங்கே இருக்கிறது

என்னை அதிக நேரம் பிடித்து வைத்த இடம் இது. ஸ்கிரிப்ட் ஓடியது, "மாற்றியாயிற்று" என்றது, படத்தைத் திறந்தால் எல்லாம் பழைய கறுப்பு. ஃபைலுக்குள் பார்த்தால் சிவப்பு உண்மையிலேயே எழுதப்பட்டிருந்தது!

காரணம் இதுதான். எஸ்விஜியில் ஸ்ட்ரோக் நிறம் நான்கு இடங்களில் இருக்கலாம். பொருளின் மேல் நேரடியாக, ஸ்ட்ரோக் என்ற தனிப் பண்பாக எழுதலாம். அதே பொருளின் ஸ்டைல் பண்புக்குள், அகலம், ஃபில் (உள்நிறம்) எல்லாவற்றோடும் சேர்த்து எழுதலாம். ஃபைலின் தலைப்பகுதியில் கிளாஸ் (பல பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் விதி) பெயர் போட்டு எழுதலாம். ஒன்றுமே எழுதாமல், மேலே உள்ள குரூப்பிடமிருந்து வாங்கிக்கொள்ளவும் செய்யலாம்.

இவற்றுக்குள் யார் சொல் எடுபடும் என்பதற்கு விதி உண்டு. பொருளின் ஸ்டைலுக்குள் இருப்பதுதான் முதல். அதற்கு அடுத்தது கிளாஸ். நேரடிப் பண்பு அதற்கும் கீழே. எங்குமே இல்லாவிட்டால்தான் குரூப்பின் நிறம். இங்க்ஸ்கேப் வழக்கமாக ஸ்டைலுக்குள் எழுதும். இல்லஸ்ட்ரேட்டர் பெரும்பாலும் கிளாஸ் போட்டு அனுப்பும். ஏஐ எழுதும் ஸ்கிரிப்டோ பல நேரம் நேரடிப் பண்பில் போய் நிறத்தை வைக்கும். ஸ்டைலுக்குள் கறுப்பு இருக்கும்வரை அந்தச் சிவப்பை யாரும் பார்க்க மாட்டார்கள்.

கன்ட்ரோல் ஷிஃப்ட் எக்ஸ் அழுத்தினால் எக்ஸ்எம்எல் எடிட்டர் திறக்கும். ஒரு கோட்டைச் சொடுக்கி, அதன் நிறம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

படி 4: மாற்றச் சொல்லுங்கள்

கணக்கு கையில் வந்த பிறகு இரண்டாவது கேள்வி:

"'வெட்டு' லேயரில் ஸ்ட்ரோக் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் நிறத்தை ஆர்ஜிபி 255, 0, 0 ஆக்கு. 'கீறல்' லேயரில் 0, 0, 255. நிறத்தை அந்தந்தப் பொருளின் ஸ்டைலுக்குள் மட்டும் எழுது. நேரடிப் பண்பில் ஸ்ட்ரோக் இருந்தால் அதை நீக்கு. கிளாஸ் விதியை மாற்றாதே. ஸ்ட்ரோக் அகலத்தையும் ஃபில்லையும் தொடாதே. ஸ்ட்ரோக் வேண்டாம் என்று குறிக்கப்பட்ட பொருளுக்குப் புதிதாகச் சேர்க்காதே. புதிய பெயரில் சேமி. எத்தனை பொருள்கள் மாறின என்று லேயர்வாரியாகச் சொல்."

கிளாஸை மாற்றாதே என்று சொல்வதற்குக் காரணம், ஒரே கிளாஸை வெட்டுக் கோடும் கீறல் கோடும் பகிர்ந்துகொண்டிருக்கலாம் என்பது. விதியை மாற்றினால் இரண்டும் சேர்ந்து மாறும்.

வந்த ஸ்கிரிப்டில், எழுத்தைத் தேடி மாற்றும் வழியை ஏஐ எடுத்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். அந்த வழி ஃபில்லில் உள்ள அதே கறுப்பையும் சேர்த்து மாற்றிவிடும். பொருள் பொருளாகப் படித்து மாற்றும் ஸ்கிரிப்ட்தான் நம்பத்தகுந்தது.

படி 5: சரிபார்ப்பு

புதிய ஃபைலைத் திறந்து, ஒரு சிவப்புக் கோட்டைச் சொடுக்கி, மறுபடி செலக்ட் சேம், ஸ்ட்ரோக் கலர். கீழே உள்ள நிலைப்பட்டை எத்தனை பொருள்கள் என்று காட்டும். ஸ்கிரிப்ட் சொன்ன எண்ணோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பூட்டிய லேயரோ மறைத்த பொருளோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், பழைய பெயரிலேயே சேமித்திருந்தால் ஒரு ஆபத்து உண்டு. இங்க்ஸ்கேப் சன்னல் ஏற்கெனவே திறந்திருந்தால் அது பழைய படத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அங்கே கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் மாற்றிய எல்லாம் போய்விடும். ஃபைல் மெனுவில் உள்ள ரிவர்ட் கொடுத்தால் புதியது வரும்.

பின்சேர்க்கை: இந்த முறையைச் செய்து பார்த்தவர்கள் கேட்டவை

"நிறம் மாறியது, ஆனால் ஒவ்வொரு கோட்டையும் மெஷின் இரண்டு முறை வெட்டுகிறது." ஸ்கேன் செய்த படத்தை ட்ரேஸ் பிட்மேப் (புகைப்படத்தை வடிவங்களாக மாற்றும் வசதி) மூலம் எடுத்திருப்பீர்கள். அங்கே கோடுபோலத் தெரிவது கோடு அல்ல, நிரப்பிய மெல்லிய வடிவம். அதற்கு இரண்டு ஓரங்கள் உண்டு. எந்த ஏஐயும் நிறத்தை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. ட்ரேஸ் செய்யும்போதே, நடுவில் ஒரே கோடு எடுக்கும் சென்டர்லைன் முறையைத் தேர்ந்தெடுங்கள். கோட்டை நிரப்பிய வடிவமாக மாற்றும் ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்த படத்திலும் இதே சிக்கல் வரும்.

"சில பொருள்கள் மட்டும் மாறவில்லை." அவை குளோன்களாக, அதாவது மூலப் பொருளோடு இணைந்த நகல்களாக, இருக்கலாம். குளோன் தன் நிறத்தை மூலப் பொருளிடமிருந்து எடுக்கும். ஷிஃப்ட் ஆல்ட் டி அழுத்தி இணைப்பைத் துண்டித்துவிட்டு ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டுங்கள்.

"ஃபிக்மாவில் (இணையவழி வடிவமைப்பு மென்பொருள்) இதைச் செய்யலாமா?" செய்யலாம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, ஏஐயை மற்ற மென்பொருள்களோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறை வந்த பிறகு, ஏஐ உதவியாளரை ஃபிக்மா பிளகினோடு இணைத்து, தேர்ந்தெடுத்த பொருளின் ஸ்ட்ரோக்கை உரையாடலிலேயே மாற்றச் சொல்லும் திறமூலக் கருவிகள் உள்ளன. அங்கே கவனிக்க வேண்டியது, ஃபிக்மாவின் பிளகின் மொழியில் நிறம் 0 முதல் 255 வரை அல்ல, 0 முதல் 1 வரை. சுத்தச் சிவப்பு என்றால் 1, 0, 0. ஏஐ 255 என்று அனுப்பி பிழைச் செய்தி வந்தால், இந்த அளவுகோலை உங்கள் கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். லேசர் வேலைக்கு மட்டும் நான் இங்க்ஸ்கேப்பைத்தான் சொல்வேன். அளவுகள் மில்லிமீட்டரிலேயே இருக்கும், ஃபைலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.