பயனர் தரும் லிங்க்கை சர்வர் திறக்கும்போது உள்வலையைக் காப்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கத்து உழவர் குழுவுக்காக எழுதிய நிரல் இது. புகையான் பூச்சி விழுந்த நெல் வயலின் பட லிங்க்கை ஒட்டினால், சர்வரே போய்ப் படத்தை எடுத்துக்கொள்ளும். அங்கே ஒருவர் 169.254.169.254 என்று, அதாவது கிளவுட் சர்வர் தன் விவரங்களைக் கேட்டுப் பெறும் உள் முகவரியை ஒட்டினால், சர்வர் தன் அணுகல் சாவியையே எடுத்து நீட்டிவிடக்கூடும். 2019இல் கேபிடல் ஒன் வங்கியிலிருந்து பத்துக் கோடிப் பேருக்கு மேற்பட்டோரின் விவரங்கள் போனது இந்த வழியில்தான். பைதான் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் தவிர எதையும் ஏற்க வேண்டாம்.

படி 2: லிங்க்கின் எழுத்தைப் பார்த்துத் தடுக்காதீர்கள். 2130706433 என்றாலும் 127.0.0.1தான், அதாவது சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி. தளத்தின் பெயரை டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சேவை) கேட்டு, வரும் ஐபிகள் அத்தனையையும் சோதியுங்கள். இதற்குப் பலரும் பைதானின் ஐபிஅட்ரஸ் தொகுதியிலுள்ள ‘ஈஸ்_பிரைவேட்’ போடுவார்கள், பொது இணையத்தில் இல்லாத 100.64.0.0/10 முகவரிகள் அதில் தப்பிவிடும். ‘ஈஸ்_குளோபல்’ உண்மையாக இருந்தால் மட்டும் விடுங்கள், மல்டிகாஸ்ட்டை (ஒரே நேரத்தில் பல கணினிகளுக்குப் போகும் முகவரிகள்) தனியே தடுங்கள்.

படி 3: என்னை அதிக நேரம் பிடித்து வைத்த இடம். சோதிக்கும்போது டிஎன்எஸ் நல்ல ஐபியைச் சொல்லும். படத்தை எடுக்கப் போகும் ரெக்வெஸ்ட்ஸ் என்ற பைதான் நூலகம், பெயரை மறுபடி கேட்கும். எதிராளியின் டிஎன்எஸ் இப்போது 127.0.0.1 என்று சொல்லும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்தது ஒரு மூட்டை, தராசில் ஏறியது வேறு மூட்டை என்றால் சோதனைக்கு என்ன பொருள்? ஒரே முறை கேளுங்கள், சோதித்த அதே ஐபிக்கே இணையுங்கள்.

ஐபிக்கு நேராகப் போனால் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் பிழை வரும். சரிபார்ப்பை அணைத்துவிடாதீர்கள்! இதற்கு எனக்குப் பிடித்தது யுஆர்எல்லிப்3 என்ற பைதான் நூலகம். அதன் எச்டிடிபிஎஸ் பூலுக்கு (இணைப்புகளை வைத்திருக்கும் பகுதி) ஐபியைக் கொடுத்து, ‘சர்வர்_ஹோஸ்ட்நேம்’, ‘அசெர்ட்_ஹோஸ்ட்நேம்’, ஹோஸ்ட் ஹெடர் மூன்றிலும் அசல் பெயரைப் போடுங்கள்.

படி 4: தானியங்கி ரீடைரக்ட்டை நிறுத்துங்கள். நல்ல தளமே உள்வலைக்குத் திருப்பிவிடலாம். ஒவ்வொரு திருப்பமும் படி 1இலிருந்து வரட்டும்.

பிற்சேர்க்கை: ரெக்வெஸ்ட்ஸையே வைத்துக்கொள்ளலாமா என்று கும்பகோணம் நண்பர் கேட்டார். சர்வரின் சூழல் மாறியில் ப்ராக்ஸி (நமக்காக இணையத்துக்குப் போகும் இடைச் சர்வர்) இருந்தால் ரெக்வெஸ்ட்ஸ் அதைத் தானே எடுத்துக்கொள்ளும். பெயரை ப்ராக்ஸி கேட்கும், நம் சோதனை வீண். செஷனில் ‘ட்ரஸ்ட்_என்வ்’ஐ அணையுங்கள். அமேசான் கிளவுட் என்றால், 169.254.169.254 சேவையின் இரண்டாம் பதிப்பான ஐஎம்டிஎஸ்வி2ஐக் கட்டாயமாக்குங்கள். அப்போது டோக்கன் இல்லாமல் சாவி வராது.