கர்ப்பகாலத் தவறுகள்: எந்த வாரம் என்று பாருங்கள்

16வது வாரத்தில் குழந்தை அசைவது தெரியவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. 32வது வாரத்தில் தெரியவில்லை என்றால் அப்போதே கிளம்ப வேண்டும். தலைவலி, வீக்கம், வயிறு இறுகுவது எல்லாமே இப்படித்தான். எந்த வாரத்தில் வருகிறது என்பதைப் பார்க்காமல், 'கர்ப்பம் என்றால் அப்படித்தான் இருக்கும்' என்று விடுவதுதான் நாங்கள் பார்ப்பதிலேயே பெரிய தவறு.

கணக்கிலேயே முதல் குழப்பம் வருகிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். நாள் தள்ளி ஒரு வாரம் ஆனபோதே 5 வாரக் கர்ப்பம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் 6வது வாரத்துக்குள் மூடிவிடும். அதனால்தான் ஃபோலிக் அமிலத்தை 8வது வாரத்தில் தொடங்குவது அந்த வேலைக்குப் பிந்திவிடுகிறது. கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கி, 12 வாரம் முடியும்வரை எடுக்க வேண்டும். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அளவு கூடும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குழந்தைக்கு ஆகாதோ என்று பயந்து வலிப்பு, தைராய்டு மாத்திரைகளைத் தாங்களாகவே நிறுத்துகிறார்கள். அது இருவருக்கும் ஆபத்து.

பிரசவத் தேதியை முதல் மூன்று மாத ஸ்கேனில் உறுதி செய்துவிட்டால் அதுவே கடைசிவரை. 32வது வார ஸ்கேனில் வேறு தேதி வந்தால் குழந்தையின் அளவு கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். தேதி மாறிவிட்டதாக எண்ணினால், வளர்ச்சிக் குறைவு கண்ணில் படாமல் போய்விடும்.

மசக்கை பெரும்பாலும் 9வது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கும். ஆனால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் அடர்மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது என்றால் சகித்துக்கொண்டிருக்கக் கூடாது.

இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடோ கால்சியம் மாத்திரையோடோ சேர்த்துப் போட்டால் சத்து சரியாக உடம்பில் ஏறாது. 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான். அதற்காக நிறுத்த வேண்டாம்.

20 வாரத்துக்குப் பிறகு வரும் தலைவலியை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். மாலையில் பாதம் வீங்குவது சகஜம். காலையில் எழும்போதே முகமும் விரல்களும் உப்பியிருப்பது, தலைவலி விடாமல் இருப்பது, கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் வீட்டில் ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். வலிக்கு ஐபுப்ரோஃபென் போடுவதும் தவறு. இந்தக் கட்டத்தில் அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம்.

'கடைசி மாதத்தில் இடம் போதாது, அதனால் அசைவு குறையும்' என்று சொல்வதை தயவுசெய்து நம்பாதீர்கள். அசைவின் விதம் மாறலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. 28 வாரத்துக்கு மேல் சந்தேகம் வந்தால் வேறு வேலை எதுவும் இல்லாமல் இடப்பக்கம் சாய்ந்து படுத்து 2 மணி நேரம் கவனியுங்கள். 10 அசைவு தேறவில்லை என்றாலோ, அசைவே இல்லை என்றாலோ, நடு இரவானாலும் கிளம்புங்கள். வீட்டுக் கருவியில் இதயத்துடிப்பு கேட்டதென்று நின்றுவிடாதீர்கள். சிரமத்தில் இருக்கும் குழந்தைக்கும் துடிப்பு கேட்கும்.

பொய் வலி நடந்தாலோ படுத்தாலோ தணிந்துவிடும். உண்மை வலி தணியாது. இடைவெளி குறைந்துகொண்டே வரும். 37 வாரத்துக்கு முன் வயிறு சீராக விட்டுவிட்டு இறுகினால் எது என்று வீட்டில் ஆராய வேண்டாம். பனிக்குடம் உடைந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொண்டு, சுத்தமான பேட் வைத்து நிறம் பாருங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. சிவப்பாக இருந்தால் இரத்தம். இரண்டுக்குமே உடனே ஆஸ்பத்திரி, அந்த பேடையும் கையோடு எடுத்துப் போங்கள்.