நாற்பதைத் தாண்டியவர்களின் லெகிங்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இந்த வயசுல லெகிங்ஸ் போட்டா நல்லாவா இருக்கும்?" என்று கேட்கிற பெண்களில் பலர் பத்துப் பதினைந்து வருடமாக அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்போது சந்தேகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. மகள் பாவாடை போல விரியும் பலாசோ பேன்ட்டுக்கும் ஸ்ட்ரெயிட் பேன்ட்டுக்கும் மாறிவிட்டாள். கடைக்குப் போனால் டாப்ஸும் பேன்ட்டும் ஒரே துணியில் தைத்த செட்டுகள் முன்னால் தொங்குகின்றன, லெகிங்ஸ் அடுக்கு உள்ளே தள்ளிப் போயிருக்கிறது. போதாததற்கு இடுப்பளவும் முன்பு போல இல்லை.

போடலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் பத்து வருடத்துக்கு முன்பு போட்ட அதே விதத்தில் போட்டால் பழசாகத் தெரியும். அந்தப் பழமை லெகிங்ஸால் வருவது கொஞ்சம்தான். மேலே போடும் டாப்ஸின் வெட்டும், துணியின் தரமும், நிறமும்தான் பாதிக்கு மேல் கெடுக்கின்றன.

இன்று நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் இருப்பவர்கள் கல்லூரிக்குப் போன காலத்தில் சுடிதார் மெட்டீரியல் எடுத்து டெய்லரிடம் கொடுக்க வேண்டும். பேன்ட் துணியை மூலைவாட்டாக வெட்டித் தைப்பார்கள். பாதம் நுழையாது, தரையில் சம்மணம் போட்டால் தையல் விடும், அவசரத்துக்கு நாடா முடிச்சு அவிழாது. 2010-ஐ ஒட்டி திருப்பூர் பனியன் துணியில் லெகிங்ஸ் வந்து எல்லாக் கடையிலும் குவிந்தபோது அந்தத் தொல்லை ஒரே நாளில் ஒழிந்தது. கறுப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று வாங்கினால் பத்து டாப்ஸுக்குப் போதும். வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற பெண்ணுக்கு அது பெரிய விடுதலை. அதனால் "லெகிங்ஸை விட்டுவிடுங்கள்" என்று சுலபமாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஸ்லிட்டை அப்படியே விட்டுவிடுவது

தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். ரெடிமேட் டாப்ஸ் பலவற்றில் பக்கவாட்டு ஸ்லிட் இடுப்பை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. நம் உடம்பின் அகலமான சுற்று இருப்பதோ இடுப்பிலிருந்து ஏழெட்டு அங்குலம் கீழே. அந்த அகலத்துக்கு மேலேயே துணி பிரிந்துவிட்டால் முன்பக்கம் வயிற்றின் மேல் ஏறும், பின்பக்கம் ஒரு பக்கமாக ஒதுங்கும், நடுவில் லெகிங்ஸின் இடுப்புப் பட்டி வரை தெரியும். வயிறு கொஞ்சம் முன்னால் வந்த பிறகு, அதிலும் சிசேரியன் ஆனவர்களுக்கு, முன்பக்கத் துணி இன்னும் மேலே தூக்கும். நாள் முழுக்க இழுத்து இழுத்து விடும் கை அப்படித்தான் பழகுகிறது. எவ்வளவு விலை கொடுத்த உடையானாலும் அந்த இழுப்பு அதைக் கெடுத்துவிடும்.

இதற்கு மருந்து தெருமுனை டெய்லரிடம் இருக்கிறது. டாப்ஸைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, உட்காரும் இடத்தின் அகலமான சுற்றுக்கு ஓர் அங்குலம் கீழே இரு பக்கமும் குண்டூசி குத்திக்கொள்ளுங்கள். அதுவரை மூடித் தைக்கச் சொல்லுங்கள். நடுத்தர உயரமுள்ளவருக்கு 44 அங்குல நீள டாப்ஸில் தோளிலிருந்து 25, 26 அங்குலத்தில் ஸ்லிட் தொடங்கினால் கீழே 18, 19 அங்குலம் மிஞ்சும். பஸ் படி ஏற அது தாராளம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: அந்த இடத்தில் டாப்ஸின் சுற்றளவு உங்கள் சுற்றளவைவிட மூன்று, நான்கு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடித் தைத்ததும் பிடிக்கும். மார்பளவை மட்டும் பார்த்து வாங்குகிற பழக்கத்தால்தான் இந்தச் சிக்கல். கீழ்ச்சுற்றுக்குப் பொருந்தும் சைஸை வாங்கி, மேலே பிடித்துத் தைத்துக்கொள்வது நல்லது.

ஸ்கூட்டியில் போகிறவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். உயரமான ஸ்லிட் காற்றில் எழும்பும். 2015-இல் ஒரு தமிழ் இதழ், சாலையில் போன பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்த படங்களோடு லெகிங்ஸை ஆபாசம் என்று அட்டைக் கட்டுரை போட்டது. சமூக வலைதளங்களில் பெண்கள் அதற்குச் சரியான பதிலடி கொடுத்தார்கள். குற்றம் கேமராவைப் பிடித்த கையில் இருந்தது, காற்றில் எழும்பிய துணியில் இல்லை. நான் ஸ்லிட்டைத் தைக்கச் சொல்வது யாருடைய கண்ணுக்கும் பயந்து அல்ல. வண்டி ஓட்டும்போது உங்கள் கவனம் சாலையில் இருக்க வேண்டும், துணியில் இருக்கக் கூடாது.

எல்லா டாப்ஸுக்கும் லெகிங்ஸ்

நேர்வெட்டில், தடித்த காட்டனில் தைத்த நீள டாப்ஸுக்குக் கீழே காலோடு ஒட்டிய லெகிங்ஸ் போட்டால் மேலே பெட்டியாகவும் கீழே குச்சியாகவும் தெரியும். முன்பு அதுவே பாணி. இப்போது அந்த டாப்ஸுக்கு ஸ்ட்ரெயிட் பேன்ட்தான் பொருந்துகிறது. லெகிங்ஸுக்கு ஏற்றது கீழே விரிகிற வெட்டு: ஏ-லைன், அனார்கலி, அம்பர்லா கட். அவற்றில் துணி இடுப்பிலிருந்து தானாக விழும், ஸ்லிட்டே பெரும்பாலும் இருக்காது, கணுக்கால் பக்கம் மட்டும் ஒடுங்கித் தெரியும். அனார்கலிக்கு, கணுக்காலில் சுருக்கம் விழும் சுடிதார் நீள லெகிங்ஸைத் தவிர வேறெதுவும் எனக்குப் பிடிப்பதில்லை. பலாசோ போட்டால் பாவாடைக்குள் பாவாடை மாதிரி ஆகிவிடுகிறது.

நீளத்தில் முழங்காலை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ முடிவது பெரும்பாலானவர்களுக்கு நன்றாக இருக்கும். தொடையின் நடுவில் முடியும் குட்டை டாப்ஸ் வேண்டுமென்றால் அதற்குப் பேன்ட்டோ ஜீன்ஸோ போடுங்கள். லெகிங்ஸ் உள்ளே ஒத்தாசைக்கு இருக்கும் துணி, தனியாக நின்று பேன்ட்டின் வேலையைச் செய்யாது. இருபது வயதுக்காரிக்கும் இதே பதில்தான்.

மெல்லிய துணியும் சின்ன சைஸும்

பனியன் துணி வளையம் வளையமாகப் பின்னப்பட்டது. இழுத்தால் வளையங்கள் வாய் திறக்கும், நடுவில் தோல் தெரியும். சைஸ் சின்னதாக இருந்தால் போட்ட நிமிடத்திலிருந்தே துணி இழுபட்டு நிற்கிறது என்று அர்த்தம். அதனால்தான் எக்ஸ்எல் போட வேண்டியவர் எல் போட்டால் நல்ல துணியும் சல்லடையாகிவிடுகிறது. சைஸ் எழுத்து உள்ளே லேபிளில்தான் இருக்கிறது, யாரும் பார்க்கப் போவதில்லை. இடுப்புக்குச் சரியாக இருந்து தொடையில் இறுகினால் அடுத்த சைஸுக்குப் போய் இடுப்பு எலாஸ்டிக்கை மாற்றிக்கொள்ளலாம். "ஃப்ரீ சைஸ்" என்று எழுதியதை வாங்கவே வேண்டாம்.

காட்டன் 95 சதவீதம், எலாஸ்டேன் 5 சதவீதம் என்பது நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற கலவை. எலாஸ்டேனைத்தான் கடைகளில் லைக்ரா, ஸ்பான்டெக்ஸ் என்றெல்லாம் சொல்கிறார்கள். துணியின் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று. 200-ஐ ஒட்டி இருந்தால் நம்பி வாங்கலாம். 160-க்குக் கீழே போனால் உள்ளாடைக் கோடு தெரியும். லேபிளில் இல்லையென்றால் கையை உள்ளே விட்டு விரல்களை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல் நகம் தெரிந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். ட்ரையல் ரூமில் நேராக நின்று பார்த்தால் மட்டும் போதாது. குனிந்து, குத்துக்காலிட்டுப் பார்க்க வேண்டும்.

தோல் நிறம்

ஸ்கின் கலர் லெகிங்ஸ் "எல்லாத்துக்கும் மேட்ச் ஆகும்" என்று விற்கப்படுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கீழே எதுவுமே போடாதது போல இருக்கும். பீரோவில் இருந்தால் எடுத்துவிடுங்கள், இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. வெளிர் நிறம் வேண்டுமென்றால் சந்தன நிறத்தைவிட சாம்பல் கலந்தது நல்லது. வெள்ளை போடுகிறவர்கள் உள்ளே வெள்ளை ஜட்டி போடுவது வழக்கம். அதுதான் பளிச்சென்று தெரியும். உள்ளாடையில் மட்டும் உங்கள் தோல் நிறத்துக்கு நெருங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள். டாப்ஸில் இருக்கும் அடர்நிறங்களில் ஒன்றையே லெகிங்ஸுக்கும் எடுத்தால் ஆள் உயரமாகத் தெரிவார். அடர்நீலம், மெரூன், பாட்டில் பச்சை மூன்றும் கறுப்பைப் போலவே உழைக்கும்.

உடம்பு சொல்வதைக் கேட்காமல் இருப்பது

அழகு பற்றிப் பேசும்போது இதை விட்டுவிடுகிறோம். மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்கும்போது திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டும். பாலியஸ்டர் கலந்த பளபளப்பு லெகிங்ஸை மே மாதத்தில் எட்டு மணி நேரம் போட்டிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லை. கவட்டையில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வர அது தோதான இடம், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். காட்டனையே போடுங்கள், வெளியே போய் வந்ததும் கழற்றிவிடுங்கள். தொடை உரசும் இடத்தில் புண் ஆகிறவர்களுக்கு லெகிங்ஸ் நல்ல துணை என்பதையும் சொல்ல வேண்டும். விரிந்த பேன்ட்டில் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

கழற்றும்போது இடுப்பில் எலாஸ்டிக் தடம் ஆழமாகப் பதிந்திருந்தால் அது இறுக்கம். அகலமான இடுப்புப் பட்டி உள்ளதை வாங்கினால் பிடிப்பு பரவலாக இருக்கும், வயிறு இரண்டாகப் பிதுங்காது. காலில் நரம்பு சுருண்டிருப்பவர்கள் சிலர், இறுக்கமான லெகிங்ஸே போதும் என்று நினைக்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கும் காலுறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்துகிற மாதிரி அளந்து செய்தது. லெகிங்ஸ் அந்த வேலையைச் செய்யாது.

போகும் இடத்தையும் பாருங்கள். 2019-இல் தமிழகத் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை விதியில் பெண்களுக்குச் சொன்னது புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார். லெகிங்ஸ் ஆகாது என்று பலகை வைத்திருக்கும் கோயில்களும் உண்டு. வெளியூர்க் கோயிலுக்குப் போகும்போது பையில் ஒரு சுடிதார் பேன்ட் இருந்தால் வாசலில் நின்று சங்கடப்பட வேண்டாம்.

துவைப்பதில்

எலாஸ்டேன் சூட்டுக்கும் ப்ளீச்சுக்கும் தாங்காது. வெள்ளை லெகிங்ஸை ப்ளீச்சில் ஊறவைத்தால் நான்கு துவையலில் தொளதொளக்கும். உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுங்கள். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்துத் தேய்க்க வேண்டாம். முட்டியில் பை போல வீங்கி, உட்கார்ந்து எழுந்ததும் பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால், தொடை உரசும் இடத்தில் நூல் உருண்டு உருண்டு வந்திருந்தால், கறுப்பு செம்பட்டையாகியிருந்தால், அந்த லெகிங்ஸ் இனி வீட்டில் போட மட்டும். நல்ல அனார்கலிக்குக் கீழே அதைப் போட்டால் மொத்த உடையும் மங்கிவிடும். புது லெகிங்ஸின் விலை டாப்ஸின் விலையில் பாதிகூட இருக்காது.