மூட்டுவலிக் களிம்பு வீட்டிலேயே செய்வது எப்படி? (ஈரம்தான் எதிரி)

அம்மாவுக்கு இரண்டு முட்டியும் வலி. சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் 20 வருஷம் நின்றபடியே புடவை விரித்துக் காட்டிய கால். கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021இல்தான், அதற்குள் முட்டி தேய்ந்துவிட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரையும் பயிற்சியும் ஒரு பக்கம் நடக்கிறது, ராத்திரி படுக்கும் முன் தேய்த்துவிட நான் செய்யும் களிம்பு இது. தேய்மானத்தை இது சரிசெய்யாது. தேய்த்த பிறகு கொஞ்ச நேரம் வலி அடங்கி அம்மா தூங்கிவிடுகிறார், எனக்கு அது பெரிய விஷயம்.

நொச்சி இலை, முடக்கத்தான் கீரை இரண்டும் ஒவ்வொரு கட்டு வேண்டும். முடக்கத்தான் சந்தையில் கிடைக்கும், நொச்சிக்குக் கீரைக்கார அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். செக்கு நல்லெண்ணெய் 250 மில்லி, தேன்மெழுகு 50 கிராம், பச்சைக் கற்பூரம் 5 கிராம், புதினா உப்பு (மெந்தால்) 5 கிராம். கடைசி மூன்றும் ராசப்ப செட்டி தெருவில் நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கினேன். தேன்மெழுகை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். லேசாகத் தேன் வாசனை வரும், கையில் வைத்துப் பிசைந்தால் இளகும். வெள்ளை வெளேரென்று வாசனையே இல்லாமல் இருந்தால் அது மெழுகுவர்த்தி மெழுகாக இருக்கலாம், வேண்டாம். சாமிக்கு ஏற்றும் சூடத்தையும் இதில் போடாதீர்கள்.

இலையைக் கழுவித் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். நான் கோட்டைவிட்டது இங்கேதான். முதல் தடவை பச்சை இலையையே அரைத்து எண்ணெயில் போட்டுக் காய்ச்சினேன், பச்சைப் பசேலென்று அருமையாக வந்தது, பத்தே நாளில் டப்பாவைத் திறந்தால் புளித்த வாடை, மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சை. அவ்வளவையும் கொட்டினேன். எண்ணெயில் துளி ஈரம் தங்கினாலும் இதுதான் கதி. நம் ஊர்க் காற்றில் இலை சீக்கிரம் காயாது, மூன்று நாள் ஃபேனுக்கு அடியில் போடுங்கள், கையில் எடுத்து நொறுக்கினால் சத்தம் வர வேண்டும்.

காய்ந்த இலையை எண்ணெயில் போட்டு, அடிகனமான பாத்திரத்தில், அடுப்பைச் சிம்மில் வைத்துக் காய்ச்சுங்கள். முதலில் சின்னச் சின்னக் குமிழியாக நுரைத்து வரும், அது ஈரம் வெளியேறுவது. நுரை அடங்கி இலை மொறுமொறுப்பானதும் இறக்கிவிடலாம், கருக விடாதீர்கள். வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள், ஆனால் துணியைப் பிழியாதீர்கள். அடியில் தங்கும் மண்டியையும் விட்டுவிட்டு மேலாக எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு பஞ்சுத் திரியை அந்த எண்ணெயில் நனைத்து, பாத்திரத்திலிருந்து தள்ளிவைத்து, கொளுத்திப் பாருங்கள். சடசடவென்று வெடித்தால் ஈரம் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் காய்ச்ச வேண்டும். சத்தமில்லாமல் நின்று எரிந்தால் சரி. தைலம் காய்ச்சுகிறவர்கள் காலங்காலமாகப் பார்க்கும் பதம் இது. இதைப் பார்க்க ஆரம்பித்த பிறகு ஒரு டப்பா கூட எனக்குக் கெடவில்லை.

அப்புறம் எல்லாம் சுலபம். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கட்டும், அதற்குள் கிண்ணத்தில் எண்ணெயும் துருவிய மெழுகும். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகிவிடும், நேரடித் தீ தேவையே இல்லை, கிண்ணத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் தெறிக்கக் கூடாது. உருகியதும் எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டு ஆறவிடுங்கள். விரலில் வழிந்தால் மெழுகு போதாது, கல் மாதிரி இருந்தால் கொஞ்சம் எண்ணெய் சேருங்கள். சித்திரை வெயிலுக்கு நான் 60 கிராம் மெழுகு போடுகிறேன்.

கற்பூரத்தையும் புதினா உப்பையும் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் ஒன்றாகப் போட்டு மூடிக் குலுக்கினால் இரண்டும் தானாகவே இளகித் தண்ணீராகிவிடும், முதல் தடவை பார்க்க ஆச்சரியமாக இருக்கும். அடுப்பை அணைத்து, கிண்ணத்தை இறக்கி, ஓரத்தில் மெழுகு லேசாக வெளுக்கத் தொடங்கும்போது இதை ஊற்றிக் கலக்கி உடனே டப்பாக்களில் நிரப்புங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் வாசனை முழுக்கப் பறந்துபோகும், கண்ணும் எரியும். தீ அருகில் இருந்தால் ஆபத்து. ஆறும்வரை மூடி போடாதீர்கள், மூடிக்கு அடியில் வியர்த்துத் திரும்பவும் ஈரம் வந்துவிடும்.

கிண்ணத்தைச் சூடு ஆறுவதற்குள் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் மெழுகு போய்ச் சிங்க் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

பிற்சேர்க்கை: செய்து பார்த்த பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தேய்த்த இடம் சிவந்து அரித்தது. அதனால் முதலில் முழங்கையின் உள்பக்கம் துளி தடவி ஒரு நாள் பாருங்கள். காயத்தில் தடவ வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பூரம் ஆபத்து, வாயில் போனால் வலிப்பே வரலாம், டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ கூடவே காய்ச்சல் இருந்தாலோ களிம்பை வைத்துவிட்டு ஸ்டான்லி மாதிரி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கஞ்சா இலை சேர்த்தால் இன்னும் நன்றாகக் கேட்குமாமே என்று இரண்டு பேர் கேட்டார்கள். 2018இல் சட்டம் மாறிய கனடா மாதிரி நாடுகளில் வீட்டிலேயே செய்கிறார்கள், எண்ணெயில் ஊறவைத்து மெழுகு சேர்ப்பது என்ற அடிப்படை ஒன்றுதான். இங்கே 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது, கஞ்சாவைக் கொஞ்சம் வைத்திருந்தாலே வழக்கு. வலிக்கு மருந்து தேடப் போய் வீட்டுக்குள் போலீஸ் வர வேண்டாம், நொச்சியே போதும்.

மழைக்காலத்தில் செய்கிறவர்கள் இலையை மூன்று நாளுக்குப் பதில் ஐந்து நாள் காயவிடுங்கள். டப்பாவில் தேதி எழுதி ஒட்டுங்கள், நான் ஆறு மாதத்துக்கு மேல் எதையும் வைத்துக்கொள்வதில்லை.