கவுனை மறுபடி மாட்டும் முன்: இடைவெளிக்குப் பிறகு கோர்ட்டுக்குத் திரும்பும் வக்கீல்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

12 வருடம் கழித்து நான் போட்ட முதல் முன்ஜாமீன் மனு, செஷன்ஸ் கோர்ட் அலுவலகத்திலிருந்து ரிட்டர்ன் ஆகி வந்தது. தலைப்பில் பழைய கைப்பழக்கத்தில் பிரிவு 438 என்று போட்டிருந்தேன். அந்த எண்ணைச் சுற்றி பென்சிலில் ஒரு வட்டம். "மேடம், இப்ப அது 482" என்றார் குமாஸ்தா. எனக்கோ 482 என்றால் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போகும் மனு. அது இப்போது 528 ஆகிவிட்டது. திருத்தி மறுபடி தாக்கல் செய்ய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு இரவும் கட்சிக்காரர் வீட்டில் யாரும் தூங்கவில்லை. அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

பிள்ளை வளர்ப்பு, பெற்றோரின் உடல்நிலை, வெளியூர் மாற்றல் என்று ஏதோ ஒரு காரணத்தால் பிராக்டிஸை விட்டுத் திரும்புகிறவர்கள் முதலில் செய்யும் தவறு இதுதான். சட்டம் நம் நினைவில் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். நினைவில் இருப்பது உண்மைதான். ஆனால் அது பழைய சட்டம்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்‌ஷிய அதிநியம். கொலைக்கான 302 இப்போது 103. மோசடிக்கான 420 இப்போது 318(4). ஜீவனாம்சத்துக்கு நாம் போட்ட 125 இப்போது 144. இந்த எண்களை எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டிவையுங்கள், ஒரு மாதத்தில் பழகிவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பழைய புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவது. 2024 மே மாதம் நடந்த மோசடிக்கு இன்றைக்குப் புகார் வந்தாலும், குற்றம் பழைய 420-தான். அந்த ஜூலை 1 அன்று நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய நடைமுறைச் சட்டப்படியே தொடர்கின்றன. ஆகவே கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும், சம்பவம் நடந்த தேதியை முதலில் கேளுங்கள். இன்னும் பல வருடத்துக்கு இரண்டு புத்தகமும் மேஜையில் இருக்க வேண்டும்.

மின்னணு சாட்சியத்தில் இன்னும் கவனம் வேண்டும். நாங்கள் பிராக்டிஸை விட்டுப் போன காலத்தில் சி.டி.யைக் கொடுத்தால் சான்றாவணமாகக் குறித்துவிடுவார்கள். 2014-ல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுப்படி சான்றிதழ் கட்டாயம் என்றது. 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அதையே உறுதி செய்தது. இப்போது அது புதிய சட்டத்தில் பிரிவு 63. சான்றிதழுக்குப் படிவம் உண்டு, அதில் இரண்டு பகுதி: ஒன்றைத் தாக்கல் செய்பவரும் மற்றொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதும் என்று கட்சிக்காரர் சொல்வார். நாம் தலையாட்டிவிடக் கூடாது.

சிவில் பக்கம் இருப்பவர்கள் ஒன்றை மட்டுமாவது பாருங்கள். 1960-ம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இப்போது இல்லை. 2017-ல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது.

சரி, பதிவு விஷயம். வீட்டில் இருந்தவர்களின் பெயர், வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலின் பட்டியலிலிருந்து தானாகப் போய்விடாது. ஆனால் இடையில் ஒரு நிறுவனத்தில் முழுநேரச் சம்பளத்துக்கு இருந்தவர்கள் நிலை வேறு. வேலையில் சேரும்போதே பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து பிராக்டிஸை நிறுத்திவைத்திருக்க வேண்டும். திரும்பும்போது அந்த நிறுத்தத்தை முறையாக நீக்கிய பிறகே வக்காலத்தில் கையெழுத்துப் போடலாம். வேலையை விட்ட மறுநாளே கவுனை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகாதீர்கள். நேரில் போய் உங்கள் பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

மனதளவில் பெரிய தடை இன்னொன்று. நம் ஜூனியராக இருந்த பெண் இன்று தனி சேம்பர் வைத்திருப்பார். அவரிடம் போய்க் கேட்கக் கூச்சம். என்ரோல் ஆன வருடத்தைச் சொல்லி "எனக்கு 20 வருஷ சர்வீஸ்" என்று சொல்லத் தோன்றும். தயவுசெய்து சொல்லாதீர்கள். கோர்ட்டில் நின்ற வருடங்கள்தான் அனுபவம். "12 வருஷம் கோர்ட் பக்கமே வரலை, ஆறு மாதம் உங்க சேம்பர்ல உட்காரலாமா?" என்று நான் கேட்டபோது என் பழைய ஜூனியர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அக்கா, இ-ஃபைலிங்ல இருந்து ஆரம்பிப்போம்" என்றார்.

மனுக்களை ஆன்லைனில் தாக்கல் செய்யும் அந்த இ-ஃபைலிங்கை மட்டும் அடுத்தவரிடம் விட்டுவிடாதீர்கள். பி.டி.எஃப். சேர்ப்பது, ஏற்றுவது, ஆட்சேபம் வந்தால் சரிசெய்வது எல்லாம் நம் கையால் பத்து முறை செய்தால்தான் வரும். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டு வழக்கின் அடுத்த வாய்தாவைப் போனிலேயே பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

வருமானம் வர நாளாகும். அந்தப் பதற்றத்தில் சிலர் ஃபேஸ்புக்கில் "விவாகரத்து வழக்குகளுக்கு அணுகவும்" என்று போட்டுவிடுகிறார்கள். பார் கவுன்சில் விதி 36 விளம்பரத்தைத் தடை செய்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், ஆன்லைன் தளங்கள் வழியாகக் கட்சிக்காரர்களைத் தேடும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதைவிட, இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பேனல் வக்கீலுக்கு எப்போது விண்ணப்பம் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். பணம் கொஞ்சம்தான், ஆனால் கையில் வழக்கு இருக்கும்.

அப்புறம், முதல் மாதம் வழக்கு இல்லாத நாளிலும் காலை பத்து மணிக்குப் போய் ஒரு கோர்ட் ஹாலில் பின்வரிசையில் உட்காருங்கள். யார் எந்தப் பிரிவைச் சொல்கிறார்கள், நீதிபதி எதற்குக் கோபப்படுகிறார், எந்த மனு ஏன் திரும்பிப் போகிறது என்று சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் 438, 482, 528 என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறேன்.