ஜெம்5ல பெஞ்ச்மார்க் பாதியிலயே நின்னுடுதா? இப்படி செக் பண்ணுங்க

கிண்டி, தரமணி பக்கம் ஜெம்5ல (ப்ராசஸர சாஃப்ட்வேர்லயே ஓட்டிப் பாக்கற சிமுலேட்டர்) கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் ப்ராஜெக்ட் பண்ற பசங்க நிறைய பேர் மாட்டிக்கிற இடம் இது. எஸ்இ மோட்ல (முழு ஓஎஸ் இல்லாம ப்ரோக்ராம மட்டும் ஓட்டற மோட்) ஸ்பெக் பெஞ்ச்மார்க் (ப்ராசஸர் வேகத்த அளக்கற டெஸ்ட் ப்ரோக்ராம்) ஒன்ன ஓட விட்டா, நாள்கணக்கா ஓட வேண்டியது ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும், ஸ்டாட்ஸ் ஃபைலும் ஒழுங்கா வந்திருக்கும், சரின்னு நம்பி ஐபிசி (ஒரு சைக்கிளுக்கு எத்தன இன்ஸ்ட்ரக்ஷன்) கிராஃப் போட்டுடுவாங்க. தயவுசெஞ்சு போடாதீங்க, அது அந்த பெஞ்ச்மார்க்கோட நம்பரே இல்ல.

முதல்ல டெர்மினல்ல கடைசியா "எக்ஸிட்டிங்"னு ஆரம்பிக்கிற வரிய பாருங்க, அதுல "பிகாஸ்"க்கு அப்புறம் இருக்கறதுதான் காரணம். மேக்ஸ் இன்ஸ்ட்ரக்ஷன் கவுன்ட்னு இருந்தா நீங்க குடுத்த லிமிட்தான் நிறுத்தியிருக்கு. சிமுலேட் லிமிட்னு இருந்தா டிக் (சிமுலேட்டரோட நேர அளவு) லிமிட்ட பாருங்க, டீஃபால்ட்டா ஒரு டிக் 1 பிகோசெகண்ட், அதனால 100 கோடி டிக் குடுத்தாலும் வெறும் 1 மில்லிசெகண்ட்தான் ஓடும்.

ரொம்ப பேர ஏமாத்துறது "லாஸ்ட் ஆக்டிவ் த்ரெட் கான்டெக்ஸ்ட்"ங்கற வரி. ப்ரோக்ராம் தானா எக்ஸிட் ஆயிடுச்சு, அவ்ளோதான் அர்த்தம். வேலைய முடிச்சிட்டு போச்சா இல்ல இன்புட் ஃபைல் கிடைக்காம போச்சான்னு சிமுலேட்டருக்கு தெரியாது. கீழ எக்ஸிட் கோட் 0 இல்லன்னு ஒரு வரி வந்திருந்தா சந்தேகமே வேணாம், எரர்தான். ஆனா எரர் வந்தும் 0 குடுக்கற ப்ரோக்ராமும் இருக்கு, அதனால பெஞ்ச்மார்க்கோட அவுட்புட்ட கண்டிப்பா திறந்து படிங்க.

அடுத்து அதே பைனரிய (கம்பைல் பண்ண ப்ரோக்ராம் ஃபைல்), அதே ஃபோல்டர்ல, அதே ஆர்க்யுமென்ட்டோட சிமுலேட்டர் இல்லாம நேரா உங்க மெஷின்ல ஓட்டுங்க (எக்ஸ்86 பில்டுன்னா இது சுலபம்). அங்கயும் நின்னா ஃபைல் பாத் இல்லன்னா ஆர்க்யுமென்ட் தப்பா இருக்கலாம், சிமுலேட்டர் மேல தப்பு இல்ல. உதாரணமா 429.எம்சிஎஃப்ங்கற ஸ்பெக் பெஞ்ச்மார்க்குக்கு இன்புட் ஃபைல் பேர ஆப்ஷன்ஸ்ல கோட்ஸ் போட்டு குடுக்கணும், அந்த பாத் நீங்க எந்த ஃபோல்டர்ல இருந்து ஜெம்5 ஸ்டார்ட் பண்றீங்களோ அங்கேருந்து கணக்கு. கீபோர்ட் இன்புட்டா வாங்கற ப்ரோக்ராம்னா இன்புட் ஆப்ஷன் தனி.

அவுட் ஆஃப் மெமரின்னு ஃபேட்டல் வந்தா மெம்-சைஸ்ஸ ஏத்துங்க, எஸ்இ ஸ்க்ரிப்ட்ல டீஃபால்ட் 512 எம்பிதான், எம்சிஎஃப்போட ரெஃப் இன்புட்டுக்கு (ஸ்பெக்கோட முழு அளவு இன்புட்) அது பத்தவே பத்தாது. கம்பைல் பண்ணும்போது ஸ்டாட்டிக் (லைப்ரரியெல்லாம் பைனரிக்குள்ளயே சேக்கற ஆப்ஷன்) போட்டீங்களான்னும் ஒரு தடவை பாருங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் நிக்குதுன்னா சிஸ்கால் (ப்ரோக்ராம் ஓஎஸ்கிட்ட கேக்கற வேலை) டீபக் ஃப்ளாக் போட்டு ஓட்டுங்க, கடைசியா எந்த ஃபைல ஓப்பன் பண்ண போய் மைனஸ்ல ரிட்டர்ன் வந்துச்சுன்னு அதுலயே தெரியும். ஜெம்5ஓட ஆப்ட் பில்டுல ஓட்டுங்க, ஃபாஸ்ட் பில்டுல இந்த ட்ரேஸ் வராது.