ஆய்வு விண்ணப்பத்தோடு ஓர் ஒலிப்பதிவு

மொழியியலில் புலமைப்பரிசில், ஆய்வு உதவியாளர் வேலை எதற்கு விண்ணப்பித்தாலும், நீங்களே பதிந்த ஐந்து நிமிடப் பேச்சை எழுத்து வடிவத்தோடு கையில் வைத்திருங்கள். நீங்கள் யாழ்ப்பாணத்தவரென்றால், கேட்பவர் பக்கம் இருப்பதைச் சுட்டும் ‘உது’, ‘உவன்’ யாழ்ப்பாணப் பேச்சில் இன்னும் உயிரோடிருப்பது உங்களுக்குப் பெரிய பலம். “உது எண்டு சொல்லுவீங்களோ?” என்று அம்மம்மாவிடம் நேரே கேட்டால், எழுத்துத் தமிழுக்குத் தாவிவிடுவார். ஒரு செம்பை அவரருகில், ஒன்றை உங்களருகில், இன்னொன்றை முற்றத்தில் வைத்து, எதில் தண்ணீர் வார்ப்பதென்று கேளுங்கள். இது, உது, அது தானாக வரும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக்கை வையுங்கள். ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பு, 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் போதும். வாட்ஸ்அப் குரல்பதிவில் ஒலி சுருங்குவதால் பிராட் (Praat) என்னும் ஒலி ஆய்வு மென்பொருளில் நுண்ணிய அளவீடு பிழைக்கும். எழுத்தை ஒலிப்பதிவின் நேரத்தோடு பொருத்த ஈலான் (ELAN) என்னும் மென்பொருள் இலவசம். பேசுபவரின் சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் வாங்குங்கள்.